கண்டவனுக்குச் சொந்தமா?

பாடசாலையில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் இரண்டு உண்டு. 1492-ல் கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார். 1498-ல் வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல் வழி கண்டுபிடித்தார். நமக்குப் பின் நம் பிள்ளைகளும் அதையே படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினார்கள். வருஷம் சரி, ஆள் சரி, கப்பல் வந்ததும் சரி. அந்த வாக்கியங்களில் உள்ள ‘கண்டுபிடித்தார்’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் வியாபாரிகளாகிய நாம் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

காமாவின் கதையையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலே மாலிந்தி என்ற துறைமுகம் வரையில் அவர் வந்து சேர்ந்துவிட்டார். அங்கிருந்து மலையாளக் கரைக்குப் போகும் மார்க்கம் அவருக்குத் தெரியாது. மாலிந்தியின் அரசர் ஒரு வழிகாட்டியைக் கொடுத்து உதவினார். பருவக் காற்றை அறிந்த அந்த மாலுமி, மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களிலே கப்பல்களைக் கோழிக்கோட்டுக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே முதன் முதலாகக் கரையிறங்கிய போர்த்துகீசியனை ஊரார் அழைத்துக்கொண்டு போய் நிறுத்தியது யாரிடம் தெரியுமா? துனிஸ் தேசத்து முஸ்லிம்கள் இருவரிடம்! அவர்களுக்குக் காஸ்டிலிய பாஷையும் ஜெனோவா பாஷையும் தெரியும். என்ன வேலையாக இவ்வளவு தூரம் வந்தாய் என்று வந்தவனுக்குப் புரிகிற பாஷையிலேயே விசாரித்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட தேசத்திலே, கண்டுபிடித்தவனின் பேச்சு அறிந்தவர்கள் அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ‘ஐரோப்பியருக்கு அது புதிது, ஆகவே அவர்களைப் பொறுத்தவரையில் கண்டுபிடிப்புத்தானே?’ என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். அதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வழக்கில்லை. இதுவரை தெரியாத ஒரு நல்ல சரக்கு மண்டி நமக்குத் தெரியவந்தால், ‘புது இடம் ஒன்று கண்டுபிடித்தேன்’ என்று கூட்டாளியிடம் சொல்லுகிறோம் அல்லவா? கரை தெரியாத கடலில் வாரக்கணக்காகக் கப்பல் ஓட்டிய கொலம்பஸின் துணிச்சலையும் யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், புது மண்டியைக் கண்டுபிடித்தவன் அதன் சாவியைக் கேட்பதில்லை. ஐரோப்பிய அரசர்கள் கேட்டார்கள். நம்முடைய வழக்கு அந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

கொலம்பஸ் முதலில் இறங்கிய தீவுக்கு அங்கே குடியிருந்தவர்கள் குவானஹானி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதற்குச் சான் சல்வடோர் என்று வேறு பெயர் சூட்டி, ஸ்பெயின் அரசர் பெயரால் கொடி நாட்டினார். மறு வருஷமே, 1493-ல், பாப்பரசர் ஆறாம் அலெக்சாண்டர் அந்தத் திசையில் கண்ட நிலங்களையும் இனிக் காணப்போகும் நிலங்களையும் ஸ்பெயினுக்குச் சாசனம் செய்து கொடுத்தார். 1494-ல் ஸ்பெயினும் போர்த்துகலும் தோர்தெசில்லாஸ் என்ற ஊரில் கூடி, கடலின் மேல் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு மேற்கே உனக்கு, கிழக்கே எனக்கு என்று பாகப்பிரிவினை செய்துகொண்டன. பாகம் பிரிக்கப்பட்ட சொத்தில் குடியிருந்தவர்களில் ஒருவருக்கும் ஓலை போகவில்லை. காமா திரும்பி வந்ததும் போர்த்துகல் மன்னர் மனுவேல் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று: எத்தியோப்பியா, அரபியா, பாரசீகம், இந்தியா ஆகிய நாடுகளின் வெற்றிக்கும் கடல் யாத்திரைக்கும் வாணிபத்துக்கும் அதிபதி! லிஸ்பனில் இருந்துகொண்டே ஒருவர் நம் மூதாதையருடைய வியாபாரத்துக்கு முதலாளியாகிவிட்டார். பின்னால் நம் மரக்கலங்கள் போர்த்துகீசியரிடம் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது அந்தப் பட்டத்தின் பலன்தான். பாப்பரசரின் அந்தப் பழைய சாசனங்களைப் பின்பற்றி எழுந்த ‘கண்டுபிடிப்புக் கோட்பாடு’ கத்தோலிக்கப் போதனை ஆகாது என்று வாத்திக்கன் அறிவித்தது 2023 மார்ச்சில்!

நிற்க. கண்டுபிடித்தல் என்ற இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு வியாபாரி எளிதில் புரிந்துகொள்வான். ஒரு பொருளுக்கு நாம் விலை கேட்கிறோம் என்றால், எதிரே நிற்பவனை அதன் உடையவன் என்று ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று அர்த்தம். குறைத்துக் கேட்கலாம்; பேரம் படியாமல் எழுந்தும் போகலாம். நம்மில் சிலர் அநியாயமாகக் குறைத்துக் கேட்பதும் உண்டு. ஆனாலும் கேட்கிற வரையில் அவனுடைய ஹக்கு அவனிடம் இருக்கிறது. கண்டுபிடித்தேன் என்று சொல்லுகிறவனோ விலையைக் குறைப்பதில்லை. விற்பவனையே இல்லாமல் செய்துவிடுகிறான். எதிரே ஆள் நின்றாலும் அந்த ஆளுக்கு விற்கிற தகுதி கிடையாது என்கிறான்.

இது நம் கற்பனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தலைமை நீதிமன்றம் 1823-ல் இதைத் தீர்ப்பாகவே எழுதிவைத்தது. ஜான்சன் என்பவருடைய குடும்பத்தார், 1773-லும் 1775-லும் பியாங்கெஷா முதலிய பூர்வ குடியினரிடமிருந்து நேராகக் கிரயம் பெற்ற நிலம் எங்களுடையது என்று வழக்காடினார்கள். எதிரி மெக்கின்டாஷ். அவர் வைத்திருந்ததோ 1818-ல் அமெரிக்க அரசாங்கம் கொடுத்த பட்டா. குடியிருந்தவர்களிடம் பணம் கொடுத்து வாங்கியவர் ஜெயிப்பார் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்தான் தோற்றார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்ன காரணம் இது: கண்டுபிடித்த ஐரோப்பிய அரசுக்கே நிலத்தின் உடைமை போய்ச் சேர்ந்துவிட்டது, பூர்வ குடிகளுக்கு இருப்பது வசிக்கும் உரிமை மாத்திரமே, அவர்கள் தனி மனிதருக்கு விற்றது செல்லாது. இந்த வாதம் மிகையானது என்று தெரிந்தாலும், ஆரம்பம் முதல் அதன் பேரிலேயே தேசம் கட்டப்பட்டுவிட்டதால் அதைக் கோர்ட்டு கேள்வி கேட்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பிலேயே அவர் எழுதினார். இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்காகவாவது அந்த நீதிபதியைப் பாராட்டலாம்!

இதே கதை பன்னிரண்டு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1835 ஜூன் மாதம் ஜான் பேட்மன் என்பவர், இப்போது மெல்போர்ன் நகரம் இருக்கிற பிரதேசத்தில், குலின் ஜனங்களின் மூப்பர்களோடு உடன்படிக்கை எழுதினார். கம்பளி, கத்தி, கோடாலி, கண்ணாடி, கத்தரிக்கோல், மாவு முதலிய சாமான்களைக் கொடுத்துச் சுமார் 6 லட்சம் ஏக்கர் நிலத்தைக் கிரயம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். பச்சை மோசடி என்று நாம் சொல்லுவோம். தங்கள் பூமியைக் கடந்து போகிற விருந்தினருக்கு இடம் கொடுக்கும் சடங்காகவே மூப்பர்கள் அதை எண்ணியிருக்கலாம் என்பது பின்னால் ஆராய்ந்தவர்கள் கருத்து. ஆனால் கவர்னர் ரிச்சர்ட் பர்க் அந்த உடன்படிக்கையை ரத்து செய்து பிரகடனம் வெளியிட்டபோது, விலை குறைவு என்றோ ஏமாற்று என்றோ காரணம் காட்டவில்லை. நிலம் முழுவதும் பிரிட்டிஷ் மகுடத்துக்குச் சொந்தம். ஆகவே பூர்வ குடிகளிடம் வாங்கியவர்கள் அத்துமீறிப் புகுந்தவர்கள் என்றார். மோசமான வியாபாரி விற்பவனிடம் கொஞ்சமாவது கொடுத்தான். சர்க்கார் வந்தபோது விற்பவனே மறைந்துபோனான்.

அந்த மகுடத்துக்கு அந்த நிலம் எப்படி வந்தது? 1770-ல் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை நெடுகப் பிரயாணம் செய்தார். குடிகளின் சம்மதத்தோடு வசதியான இடங்களை எடுத்துக்கொள்ளவும், ஆளில்லாத தேசமாயிருந்தால் முதலில் கண்டவர் என்ற முறையில் எடுத்துக்கொள்ளவும் அவருக்கு உத்தரவு இருந்தது. சம்மதத்தோடு! உத்தரவு எழுதியவர்களுக்கே நியாயம் தெரிந்திருக்கிறது. கரையில் ஆட்கள் இல்லாமல் இல்லை. பாட்டனி விரிகுடாவில் இரண்டு பேர் ஈட்டியோடு வந்து தடுத்தார்கள். துப்பாக்கியால் சுட்டுத்தான் இறங்க முடிந்தது. அப்பால் வடக்கே கப்பல் பவளப் பாறையில் மோதி உடைந்து, ஓர் ஆற்றங்கரையில் ஒதுங்கிப் பழுது பார்த்தார்கள். அந்தக் கரை கூகு யிமிதிர் ஜனங்களுடையது. குக்கின் ஆட்கள் கடலாமைகள் பலவற்றைப் பிடித்துக் கப்பல் தட்டில் வைத்திருந்ததைக் கண்டு, அவர்கள் ஓர் ஆமையைக் கேட்டார்கள். கப்பல்காரர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். கோபம் கொண்டவர்கள் கரையில் புல்லுக்குத் தீ வைத்தார்கள்; கப்பல்காரர் சுட்டதில் ஒருவர் காயமடைந்தார். பிறகு மூப்பர் ஒருவர் முனை ஒடிந்த ஈட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சமாதானம் செய்தார்.

ஆமைக்கு உடையவர்கள் உண்டு, அதைப் பிடிப்பதற்கு முறை உண்டு என்பதை அறிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? இது நடந்தது ஜூலை மாதம். ஆகஸ்டு 22-ம் தேதி குக் ஒரு சிறு தீவில் ஏறிக் கொடி பறக்கவிட்டு, கிழக்குக் கரை முழுவதும் ஜார்ஜ் மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

இனி அதே கண்டத்தின் வட கரைக்கு வருவோம். அங்கே நடந்த விஷயம் நம் வட்டாரத்தைச் சேர்ந்தது. பாடப் புத்தகங்களில் அதிகம் இடம் பெறாதது.

குறைந்தபட்சம் 18-ம் நூற்றாண்டிலிருந்து, சுலாவெசித் தீவின் மாக்கசார் துறைமுகத்தைச் சேர்ந்த முஸ்லிம் மாலுமிகள் ஒவ்வொரு வருஷமும் மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கும் டிசம்பர் வாக்கில் பிராவு என்னும் தங்கள் மரக்கலங்களில் ஆஸ்திரேலியாவின் வட கரைக்குப் போனார்கள். அந்தக் கரையை மரேகே என்று அழைத்தார்கள். போனது கடலட்டைக்காக. மலாய்க்காரர் தெரிப்பாங் என்று சொல்லும் இந்தச் சரக்கை மன்னார்க் கடலோரத்து நம்மவர்களும் நன்கு அறிவார்கள். சீனருக்கு அது விருந்துப் பண்டம். ஆழம் குறைந்த கடலில் மூழ்கி எடுத்து, வயிற்றைக் கீறி, பெரிய கொப்பரைகளில் அவித்து, வெயிலிலும் புகையிலும் உலர்த்தி மூட்டை கட்டுவார்கள். காற்றுத் திரும்பும் ஏப்ரல் வாக்கில் ஊருக்குத் திரும்புவார்கள்.

1803 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவைச் சுற்றிக் கரையளந்து படம் வரைந்துகொண்டிருந்த ஆங்கிலேயர் மாத்யூ பிளிண்டர்ஸ், ஆர்ன்ஹெம் லேண்ட் கரையில் ஆறு பிராவுகளைக் கண்டு, கடற்கொள்ளைக்காரர்களோ என்று சந்தேகித்தார். அவர் கப்பலில் மலாய்ச் சமையல்காரர் ஒருவர் இருந்ததால் பேச முடிந்தது. தலைவரின் பெயர் பொபாசு, வயோதிகர். தாம் ஆறேழு தடவை இந்தக் கரைக்கு வந்து போனவர் என்றும், அந்த வருஷம் மொத்தம் அறுபது பிராவுகளில் ஆயிரம் பேர் வந்திருப்பதாகவும் சொன்னார். ஆயிரம் அட்டை ஒரு பிக்குல், நூறு பிக்குல் ஒரு பிராவுக்குச் சுமை என்று கணக்கும் கொடுத்தார். சரக்குக் கணக்கைக் கேட்டதும் ஒப்பிக்கிற அந்தப் பெரியவரை நினைத்தால் நம் கடைத்தெருப் பெரியவர்கள் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆங்கிலேயருடைய படகில் பன்றிகளைக் கண்டு அவர்கள் அருவருத்து ஒதுங்கியதையும் பிளிண்டர்ஸ் எழுதிவைத்திருக்கிறார்.

கண்டுபிடிக்க வந்தவர் சந்தித்தது வருஷந்தோறும் வந்துபோகும் வியாபாரிகளை. அந்த வியாபாரிகளோ, தங்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பிருந்தே குடியிருக்கிற யோல்ங்கு ஜனங்களின் கரையில் தங்கியிருந்தார்கள். அரிசி, புகையிலை, துணி, இரும்புக் கத்தி, கோடாலி கொடுத்தார்கள். ஆமை ஓடு, முத்துச் சிப்பி வாங்கினார்கள். கரைக்காரர்களை வேலைக்கும் அமர்த்தினார்கள். கரைக்காரர்களில் சிலர் பிராவில் ஏறி மாக்கசார் வரை போய் வந்ததும் உண்டு. யோல்ங்கு மக்கள் பணத்தை ‘ருபியா’ என்றும் வெள்ளைக்காரரை ‘பலண்டா’ என்றும் சொல்லுவதைக் கேட்டால், மலாய் அறிந்த நமக்கு அது எங்கிருந்து போன சொல் என்று விளங்கிவிடும். அவர்கள் தின்று போட்ட விதையிலிருந்து முளைத்த புளிய மரங்கள் அந்தக் கரையில் இன்றும் அடையாளமாக நிற்கின்றன.

இதை வைத்துக்கொண்டு, நம்மைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் உத்தமர்கள், ஐரோப்பியர் எல்லாரும் கொள்ளையர் என்று மேடை போட நமக்கு விருப்பமில்லை. மாக்கசார்க்காரர்களும் கரைக்காரர்களும் சண்டையிட்டதுண்டு. இரு பக்கமும் உயிர் போனதுண்டு. பொபாசுவே ஒரு தடவை முழங்காலில் ஈட்டிக் குத்து வாங்கியவர்; கரைக்காரரிடம் ஜாக்கிரதையாயிருங்கள் என்று பிளிண்டர்ஸை எச்சரித்தவர். இன்னும் ஓர் ஆட்சேபனையும் சொல்லலாம். அவர்களுக்குப் பீரங்கியும் பட்டாளமும் இல்லை, நிலமும் தேவைப்படவில்லை. அட்டை கிடைத்தால் போதும். இருந்திருந்தால் அவர்களும் கொடி நாட்டியிருப்பார்களே? இருக்கலாம். முஸ்லிம் அரசர்களும் பிறர் நிலத்தைப் பிடித்திருக்கிறார்கள். சரித்திரம் அதை மறைக்கவில்லை. மனத்தில் என்ன இருந்தது என்பதை விட்டுவிட்டு நடந்ததைப் பார்ப்போம். அடுத்த வருஷமும் அதே கரைக்கு வரவேண்டியவன், கரைக்காரனை இல்லாதவனாகப் பாவிக்க முடியாது. யார் எந்தத் துறைக்குப் பெரியவர், யாருக்கு என்ன கொடுத்தால் மனம் சமாதானப்படும் என்பதை அவன் அறிந்தே ஆகவேண்டும். நல்லெண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கல் வாங்கலின் வழக்கமே அவனை அந்த ஒழுங்கில் நிறுத்திவைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் அப்படி வந்துபோனவர்கள் அந்தக் கரையில் ஒரு ஏக்கருக்குக்கூடப் பட்டா எழுதிக்கொள்ளவில்லை.

அந்த வியாபாரத்தை முடித்துவைத்தது சர்க்கார்தான். 1880-களில் சவுத் ஆஸ்திரேலியா அரசாங்கம் பிராவுகளுக்கு லைசென்ஸும் சுங்கமும் விதித்தது. 1906-ல் லைசென்ஸ் கொடுப்பதையே நிறுத்தியது. 1907-ல் கடைசிப் பிராவு மாக்கசாருக்குத் திரும்பியது. யோல்ங்கு மக்களின் விருந்தாளியைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யோல்ங்கு மக்களிடம் கேட்காமலேயே நடந்தது.

அதே மக்களின் பூமியில் 1963-ல் பாக்சைட்டுச் சுரங்கத்துக்காக அரசாங்கம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, யிர்க்கலா ஊரார் மரப்பட்டையில் சித்திரம் எழுதி, இரண்டு பாஷையில் மனுவும் ஒட்டி, கான்பெரா பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பலிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 1971-ல் நீதிபதி, இவர்களுக்கு நுட்பமான சட்ட முறை ஒன்று இருப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் அது ஆங்கிலச் சட்டம் அறிந்த சொத்துரிமை ஆகாது என்று தள்ளிவிட்டார். 1992 ஜூன் 3-ம் தேதிதான், டோரஸ் நீரிணையிலுள்ள மர் தீவைச் சேர்ந்த எட்டி மாபோவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் ‘உடையவரில்லாத நிலம்’ என்ற பழைய கட்டுக்கதையைத் தள்ளி வைத்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை; அதே வருஷம் ஜனவரியில் காலமாகிவிட்டார்.

மாபோ தீர்ப்பின் குரல் நம் மலேசியாவிலும் கேட்டது. சிங்கப்பூருக்குத் தண்ணீர் தரும் லிங்கியு அணைக்காக ஜொகூரில் காட்டை இழந்த ஜாக்குன் மக்களின் வழக்கில், 1996-ல் உயர்நீதிமன்றம் மாபோவை எடுத்துக்காட்டி அவர்களுக்கு நஷ்டஈடு விதித்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களில் நாமும் உண்டு. அடுத்து டெங்கில் வழக்கு. விமான நிலையச் சாலைக்காக 1995-ல் வெளியேற்றப்பட்ட தெமுவான் குடும்பங்களுக்கு மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள், மண்ணுக்குக் கொடுக்கவில்லை. மரத்துக்கு உடையவன், மரம் நிற்கிற மண்ணுக்கு உடையவனில்லையா? 2002-ல் உயர்நீதிமன்றமும் 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மண்ணுக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்றன.

இங்கே நம் சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ‘நம் பாட்டன்மார் வந்தபோது இந்த ஊர் வெறும் காடு, நாம்தான் கடை வைத்து ஊராக்கினோம்’ என்று கல்யாண வீடுகளிலும் கூட்டங்களிலும் பெருமையோடு பேசுகிறோம். உழைத்தது உண்மை. ஒற்றைப் பாயில் படுத்துக் கஞ்சி குடித்துக் காசு சேர்த்தவர்களின் உழைப்பை ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்டில் நடந்து, வாசனைக் கட்டையும் பிரம்பும் ரப்பர் பிசினும் கொண்டுவந்து நம் பாட்டன்மாரின் கடைகளுக்குச் சேர்ந்த மலைச்சரக்கை எடுத்துக் கொடுத்தவர்கள் யார்? அவர்களிடமிருந்து சரக்கு வந்துகொண்டிருந்தபோதே அவர்கள் இருந்த இடத்தை வெறும் காடு என்று சொல்லுவது எப்படிச் சரியாகும்? நம் கடைக்குப் பட்டா இருக்கிறது. முறையாகக் கிரயம் கொடுத்து வாங்கினோம். அதைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. முந்திய கை எது, அதற்கு முந்திய கை எது என்று விசாரிக்கிற பழக்கம் சரக்கு வாங்கும்போது நமக்கு உண்டு. பூமி விஷயத்திலும் அந்த விசாரணையைப் பிறர் செய்தால் நாம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

கடைசியாக, கடலட்டை அவித்த அந்தக் கரையின் செய்தி. 2008 ஜூலையில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், ஆர்ன்ஹெம் லேண்ட் கரையில் பூர்வ குடிகளின் நிலத்தின் மேல் அலை ஏறி இறங்குகிற நீரிலும் அந்த நிலத்துக்கு உடையவர்களின் அனுமதி வேண்டும் என்று சொன்னது. அரசாங்கத்தின் மீன்பிடி லைசென்ஸ் மாத்திரம் கையில் இருந்தால் போதாது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், அந்தப் பாக்சைட்டு நிலத்தைப் பற்றிய வழக்கில், பூர்வ குடிகளின் நிலவுரிமையும் சொத்துதான், அதை எடுத்திருந்தால் அரசியல் சாசனப்படி நியாயமான ஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொகை எவ்வளவு என்பதை அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.